அம்மா இல்லாத முதல் தீபாவளி, அதே நாளில் நாத்தனாருக்குத் தலைதீபாவளி: எப்படிக் கடப்பது?

காவிரிக்கரைப் பெண் (அக்டோபர் 6):

வணக்கம். நான் இங்கே பல வருடமாகப் படிக்கிறவள், எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆனி மாதம் என் அம்மா இறந்துவிட்டார். வயது 61. பல வருடச் சர்க்கரை, கடைசியில் சிறுநீரகமும் போய், வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ் என்று ஐந்து மாதம் ஓடியது. ஊர் மயிலாடுதுறை. நான் சென்னையில் மாமனார் மாமியாரோடு இருக்கிறேன், பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 5. தம்பி மஸ்கட்டில் வேலை செய்கிறான். வந்து கொள்ளி வைத்து, பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டுப் போனவனுக்கு இனி தை மாதம்தான் லீவு. அப்பா ஊரில் தனியாக இருக்கிறார்.

அக்டோபர் 20 தீபாவளி. அப்பா வீட்டில் இந்த வருடம் பண்டிகை கிடையாது, அதில் பேச்சே இல்லை. ஆனால் நான் இருக்கும் வீட்டில் உண்டு. கல்யாணமான மகளுக்கு மூன்று நாள்தான் தீட்டு, இந்த வீட்டுக்கு அது ஒட்டாது என்று மாமியார் சொல்லிவிட்டார். அவர் சொன்னது முறைப்படி சரிதான், எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். அது மட்டும் இல்லை, நாத்தனாருக்கு வைகாசியில் கல்யாணம் ஆனது, இது அவளுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளை வீட்டிலிருந்து எட்டுப் பேர் வருகிறார்கள். முறுக்கு, தட்டை, ரவா லாடு, நோன்புக்கு அதிரசம் என்று பட்டியல் போட்டு ஒரு வாரமாக வேலை நடக்கிறது. சீர், மோதிரம், பட்டு என்று செலவுக் கணக்கு ஒரு பக்கம், அதை விடுங்கள்.

மாமியார் கெட்டவர் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் பிள்ளைகள் இரண்டு பேரையும் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டவர் அவர்தான். நாத்தனாரும் நல்ல பெண். அதனால்தான் யாரையும் குறை சொல்லவும் முடியவில்லை, உள்ளே இருப்பதை வெளியே எடுக்கவும் முடியவில்லை.

வாணலியில் எண்ணெய் காய்கிற வாசனை வந்தால் நெஞ்சை யாரோ பிடித்து அழுத்துவது போல இருக்கிறது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வருகிறேன். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அவ்வளவுதான், அப்புறம் தூக்கம் இல்லை. போன வாரம் தி.நகரில் துணி எடுக்கப் போனோம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மாவுக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுப்பது என் பழக்கம். கை தானாகவே போய் ஒரு மாம்பழ நிறச் சேலையை எடுத்துவிட்டது, "இது யாருக்கு?" என்று நாத்தனார் சிரித்துக்கொண்டே கேட்டாள். கடையை விட்டு வெளியே வந்து நின்றுவிட்டேன். தலைவலி என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவள் சந்தோஷத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தை நினைத்து இரவெல்லாம் என் மேலேயே வெறுப்பு.

அப்பாவிடம் போனில் பேசினால் "சாப்பிட்டேன்மா, நீ பிள்ளைகளைப் பார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார், காலையில் அப்பா இரண்டு டம்ளரில் காபி ஊற்றி வைக்கிறாராம். எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் லேகியம்தான். அப்பா சுக்கும் திப்பிலியும் இடித்துத் தருவார், அம்மா உட்கார்ந்து கிளறுவார், விடிகாலை எண்ணெய் தேய்ப்பதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு. இந்த வருடம் அந்த விடியலில் அவர் அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது. இங்கே கூட்டிக்கொண்டு வரலாம் என்றால், தலைதீபாவளி வீட்டில் துக்கக்காரர் வந்து உட்கார்ந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று பயம். அப்பாவே வர மாட்டார் என்பது வேறு விஷயம்.

இந்த வலியை வீட்டில் சொல்லவா, பண்டிகை முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடவா? அப்பாவை என்ன செய்வது? இதைக் கடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


வெற்றிலைக்கொடி:

அம்மா, எனக்கு 67 வயது, கும்பகோணம். உன் அம்மாவை விடக் கொஞ்சம் பெரியவள், அதனால் ஒருமையில் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

மூன்று நாள் என்பது தீட்டுக் கணக்கு. கோவிலுக்குப் போகலாமா, விளக்கு ஏற்றலாமா, நல்ல காரியத்தில் நிற்கலாமா என்பதற்காகப் போட்டது. பெற்றவளை நினைத்து அழுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்று நாளில் நீ சரியாகிவிட வேண்டும் என்று எந்தப் பெரியவரும் சொல்லவில்லை. என் அம்மா போனபோது எனக்கும் இதே கதைதான். ஐப்பசி பிறந்தவுடன் மாமியார் வீட்டில் முறுக்கு அச்சைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் ஒன்றுமே சொல்லவில்லை. பிழிந்தேன், பொரித்தேன், பரிமாறினேன், "கங்கா ஸ்நானம் ஆச்சா" என்று வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துப் பதில் சொன்னேன். அதற்கப்புறம் இரண்டு வருடம் காரணமே இல்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். என் பிள்ளைகள்தான் அதிகம் பட்டார்கள். அந்த இரண்டு வருடத்தை இன்றைக்கு நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. அதனால் பல்லைக் கடிக்காதே.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவரை அங்கே இழுக்காதே. முதல் வருடம் அவருக்குத் தன் வீட்டுத் திண்ணையில் இருப்பதுதான் ஆறுதலாக இருக்கும். நீ போ. ரயில் டிக்கெட் 60 நாள் முன்பே திறந்து அன்றைக்கே தீர்ந்திருக்கும், அதைப் பற்றிக் கவலைப்படாதே. தீபாவளிக்கு முந்தின இரண்டு நாள்தான் கிளாம்பாக்கத்தில் கால் வைக்க முடியாது. தீபாவளி அன்றைக்குக் காலை பத்து மணிக்கு மேல் பஸ் காலியாகவே ஓடும். விடிகாலையில் பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு முதல் இலை போடுகிறவரை இரு. மரியாதை நின்றுவிட்டது. அப்புறம் கிளம்பு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு அப்பாவிடம் இருப்பாய்.

இன்னொன்று. லேகியம் பலகாரம் இல்லை, மருந்து. பண்டிகை இல்லாத வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்பார்கள், மருந்து கிளறக் கூடாது என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்பாவிடம் சுக்கு இடிக்கச் சொல்லிப் பார். கைக்கு ஒரு வேலை வேண்டும் அவருக்கு.


மலைக்கோட்டை 77:

மற்றவர்கள் சொல்வதற்குக் கொஞ்சம் மாறாகச் சொல்கிறேன். அப்பா இறந்தபோது எனக்கு 8 வயது. அதற்கு அப்புறம் அம்மா எங்கள் வீட்டில் பண்டிகையே வைக்கவில்லை. ஒரு வருடம் என்றால் சரி, நான் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை. தெருவே வெடித்துக்கொண்டிருக்கும், நானும் தங்கையும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பக்கத்து வீடுகளிலிருந்து பலகாரம் வரும், அதை அம்மா தொட மாட்டார், எங்களுக்குத் தின்ன ஆசையாக இருக்கும், தின்றால் அப்பாவை மறந்துவிட்ட மாதிரி இருக்கும். அம்மாவைக் குறை சொல்லவில்லை, அவருடைய துக்கம் அவ்வளவு. ஆனால் ஒரு குழந்தைக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் பையனுக்கு 9 வயது. அவனுக்குப் பட்டாசு கொடுங்கள். நீங்கள் கூட நிற்க வேண்டும் என்பதில்லை, அவன் அப்பாவோ தாத்தாவோ நிற்கட்டும். சத்தம் தாங்கவில்லை என்றால் தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அதற்கு மேலும் வெடிப்பார்கள்தான், இருந்தாலும் பெரிய சத்தம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான். அந்த நேரத்தில் உள் அறையில் இருந்துகொள்ளுங்கள். அப்புறம், ஆயாவை நினைத்து அம்மாவுக்கு அழுகை வருகிறது என்று அவனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். குழாய்ச் சத்தம் எதற்கு என்று அவனுக்கு இப்போதே தெரியும். எனக்குத் தெரிந்திருந்தது.


காவிரிக்கரைப் பெண்:

உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு எழுந்து போய் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். தூங்குகிறான் என்று நினைத்தேன், "அம்மா, நீ தினமும் அழுகிறாயா?" என்று கேட்டான். பேசினோம். அவனுக்கும் ஆயா ஞாபகம் வருகிறதாம், நான் அழுதுவிடுவேன் என்று சொல்லாமல் இருந்தானாம். நன்றி அண்ணா.


நெய்தல்:

அக்கா, நான் குளச்சல் பக்கம். எங்களுக்குத் தீபாவளி இல்லை, கிறிஸ்துமஸ். 2004ல் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வந்தது, மறுநாள் ஞாயிறு காலையில் கடல் வந்தது. எனக்கு அப்போது 17 வயது. அம்மாவும் சின்னத் தங்கையும் போனார்கள். தங்கை முந்தின நாள் போட்ட புது கவுனைக் கழற்ற மாட்டேன் என்று அதையே போட்டிருந்தாள், அதை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். எங்கள் கரைகளில் ஒரே குழியில் பலரைச் சேர்த்து அடக்கம் செய்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் பூசைக்கு வந்தவர்கள், ஊர் பேர் தெரியாதவர்கள், எத்தனையோ பேர். எங்கள் கடலோரத்தில் பல வீடுகளுக்கு அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் பழைய கிறிஸ்துமஸாக வரவே இல்லை.

இதை உங்கள் துக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க எழுதவில்லை. அம்மா போனால் எல்லோருக்கும் ஒரே அம்மாதான். பண்டிகையும் துக்கமும் ஒட்டிக்கொண்டே வந்தால் என்ன செய்வது என்பது எங்களுக்குப் பல வருடம் பழகிய விஷயம், அதனால் எழுதுகிறேன். முதல் நான்கு வருடம் வீட்டில் ஸ்டார் கட்டவில்லை, குடில் வைக்கவில்லை. அப்பா கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரமே குடிக்க ஆரம்பித்தால் புது வருடம் வரை நிறுத்த மாட்டார். மறக்க நினைத்து மறக்க நினைத்து அந்தப் பத்து நாளும் பாழாய்ப் போகும்.

மாற்றம் எப்படி வந்தது என்றால், சித்தி ஒருத்தர் ஒரு வருடம் 24ஆம் தேதி மாலை எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, "இன்றைக்கு அவர்களைப் பற்றி மட்டும் பேசுவோம்" என்றார். அம்மா செய்கிற முந்திரிக்கொத்து, தங்கை வாய் நிறைய அச்சு முறுக்கை வைத்துக்கொண்டு பாடுவது, எல்லாம் பேசினோம். அப்பா அன்றைக்குத்தான் என் முன்னால் முதல் முறையாக வாய்விட்டு அழுதார். இப்போது அதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறோம். 24 மாலை ஒரு மணி நேரம் அவர்களுக்கு, அதற்கப்புறம் நள்ளிரவுப் பூசை, 25 பிள்ளைகளுக்கு, 26 காலை ஊரோடு சேர்ந்து மெழுகுவர்த்தி. அழுகை வராத வருடம் இல்லை. ஆனால் எப்போது வரும் என்று தெரிந்திருப்பதால் மற்ற நேரத்தில் பிள்ளைகளோடு இருக்க முடிகிறது.

நீங்களும் தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். அந்தச் சுங்குடிச் சேலையை வாங்கிவிடுங்கள் அக்கா. அம்மா பேரைச் சொல்லி யாருக்காவது கொடுக்கலாம், நீங்களே கட்டிக்கொள்ளலாம். நான் ஒவ்வொரு வருடமும் ஒரு சின்ன கவுன் வாங்கி எங்கள் தேவாலயப் பங்கில் இருக்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிறேன்.


சின்னவள்:

எல்லோரும் உங்கள் பக்கத்திலிருந்து எழுதுகிறார்கள், நான் அந்த நாத்தனார் பக்கத்திலிருந்து எழுத வேண்டும். என்னுடைய தலைதீபாவளிக்கு ஆறு வாரம் முன்பு என் அண்ணியின் அப்பா இறந்திருந்தார். அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு எண்ணெய் வைத்தார், தலையில் பூ வைத்தார், மாப்பிள்ளைக்கு மூன்று வகைப் பாயசம். நானும் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் எதையும் பார்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, அன்றைக்குக் கொல்லைப்புறத்தில் அண்ணி உட்கார்ந்து அழுததை வேலை செய்த அம்மா என்னிடம் சொன்னார். என் தலைதீபாவளிப் போட்டோக்களை இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்கு அண்ணியின் முகம்தான் தெரிகிறது. எனக்குச் சொல்லியிருந்தால் நான் அடுப்படியில் நின்றிருப்பேனே என்று நினைப்பேன். இதைக் கேட்கவும் எனக்குத் தைரியம் வந்ததில்லை.

தயவுசெய்து அவளிடம் சொல்லுங்கள். மாமியாரிடம் சொல்லத் தயக்கம் என்றால் அவளிடம் மட்டுமாவது சொல்லுங்கள். அவள் நாளைக் கெடுத்துவிடுவோம் என்று நினைக்காதீர்கள், மறைத்தால்தான் பின்னால் கெடும்.


இரவுப்பணி:

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் மனநலப் பிரிவில் செவிலியர், 14 வருட அனுபவம். சகோதரிக்கும், இதைப் படித்துவிட்டுத் தனக்கும் இப்படித்தான் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் அப்பா இரண்டு டம்ளரில் காபி ஊற்றுவது. இது பைத்தியத்தின் அறிகுறி இல்லை, பயப்பட வேண்டாம். நாற்பது வருடப் பழக்கம் கையில் இருக்கிறது. துணை இழந்தவர்கள் பலர் அவர் குரல் கேட்டது, பக்கத்தில் இருப்பது போல இருந்தது என்று எங்களிடம் சொல்வார்கள். வெளியே சொன்னால் கிண்டல் செய்வார்களோ என்று மறைத்து வைத்திருப்பார்கள். அதற்காக அவர்களைத் திருத்தாதீர்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு விஷயங்களை. எடை குறைகிறதா, குளிக்காமல் இருக்கிறாரா, ரத்த அழுத்த மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ தவறவிடுகிறாரா (பல வீடுகளில் மனைவிதான் மாத்திரையை எடுத்துக் கொடுத்திருப்பார், அவர் போனபின் இவருக்கு எது காலை எது இரவு என்றே தெரியாது), "நான் இருந்து என்ன ஆகப்போகிறது" என்ற பேச்சு வருகிறதா, நகை, பத்திரம், கணக்கு எல்லாவற்றையும் திடீரென்று எடுத்து ஒப்படைக்கிறாரா. துணை போன முதல் சில மாதம் வயதான ஆண்களுக்கு உடம்புக்கும் மனதுக்கும் ஆபத்தான காலம். அவர் வாயில் அந்தப் பேச்சு வந்தால் "அப்பா, செத்துவிடலாம் என்று நினைப்பு வருகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், அப்படி நடப்பதில்லை. கேட்டவுடன் மூச்சு விட்டு அழுதவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நீங்கள். ஆனியில் அம்மா போய் ஐப்பசியில் அழுகிறீர்கள், இது நோய் இல்லை. துக்கம் அலை மாதிரி வரும், சேலையைப் பார்த்தால் வரும், எண்ணெய் வாசனையில் வரும், நடுவில் பையன் ஏதாவது சொன்னால் சிரிப்பும் வரும். அப்படி நடுவில் சிரிக்க முடிகிறது என்றால் பெரும்பாலும் காலம் எடுத்துச் சரியாகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுவதும், எதிலும் பிடிப்பு இல்லாமல், எல்லாம் என் தப்பு என்ற எண்ணத்தோடு, தூக்கமும் பசியும் கெட்டுப்போய் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு. துக்கமே ஆறாமல், அன்றாட வாழ்க்கையை நடத்த முடியாத அளவுக்கு மாதக்கணக்கில் நீண்டுகொண்டே போவதும் இப்போது தனி நோயாக மருத்துவக் கையேடுகளில் வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதற்கு 6 மாதம் என்கிறது, அமெரிக்கக் கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. நீங்கள் அந்தக் கணக்குக்கு வரவே இல்லை. இருந்தாலும் தினமும் மூன்று மணி விழிப்பு என்பது எனக்குப் பிடிக்கவில்லை. பண்டிகை வேலையில் மாலை நாலாவது காபி, ஐந்தாவது காபி என்று போகும், அதை முதலில் நிறுத்துங்கள். மருந்துக் கடையில் சொந்தமாகத் தூக்க மாத்திரை வாங்க வேண்டாம். இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு அழுத்தத்தைத் துக்கம்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள்.

பண்டிகை நாட்களில் எங்கள் வார்டில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் விருந்தாளி முன்னால் எடுக்கக் கூச்சப்பட்டு நான்கு நாள் விட்டுவிடுவது, அல்லது வருத்தத்தில் குடிப்பது. குடித்தால் படுத்தவுடன் கண் மூடும், நடு இரவில் விழிப்பு வந்துவிடும், மறுநாள் மனம் இன்னும் கீழே போகும். நெய்தல் தம்பி தன் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்து எனக்கு அந்த வார்டு முழுவதும் ஞாபகம் வந்தது.

14416 என்பது டெலி மானஸ், அரசின் மனநலத் தொலைபேசி உதவி, 2022 அக்டோபரில் இருந்து ஓடுகிறது, காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், தீபாவளி அன்றைக்கும். சென்னையில் 1986 முதல் இருக்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. உயிரை விடும் எண்ணம் வந்தால்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை, டெலி மானஸில் உங்களைப் போலத் தூக்கம் வராதவர்களும் பேசலாம். ஊரில் அப்பாவுக்கு, மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாளில் வருவார், எந்த நாள் என்று அங்கே விசாரித்தால் சொல்வார்கள். முதலில் ரத்த அழுத்தம் பார்க்க என்று சொல்லிக் கூட்டிப் போங்கள், ஆண்கள் அதற்குத்தான் வருவார்கள்.


காவிரிக்கரைப் பெண்:

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். நேற்று ராத்திரி நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். கடையில் அந்தச் சேலை யாருக்கு என்று சொன்னவுடன் அவள் என்னை விட அதிகமாக அழுதாள். "அண்ணி, நான் அன்றைக்குச் சிரித்தேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியார் சத்தம் கேட்டு வந்தார். "நீ வாயைத் திறந்து சொன்னால்தானே எனக்குத் தெரியும், நீ வேலையில் மறந்திருக்கிறாய் என்றுதான் நான் மேலும் மேலும் வேலை கொடுத்தேன்" என்றார். அவர் அப்படி நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எண்ணெய்ச் சட்டிப் பக்கம் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மற்றதைப் பண்டிகை முடிந்து வந்து எழுதுகிறேன். இசிஜி எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை.


காவிரிக்கரைப் பெண் (அக்டோபர் 24):

ஊரிலிருந்து நேற்று திரும்பினோம்.

ஞாயிறு மாலை நெய்தல் தம்பி சொன்னபடி ஒரு மணி நேரம் நானும் கணவரும் பிள்ளைகளும் மாடியில் உட்கார்ந்து அம்மாவைப் பற்றிப் பேசினோம். பெண்ணுக்கு ஆயாவின் மூக்குத்தி மட்டும்தான் சரியாக ஞாபகம் இருக்கிறது, அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். திங்கள் விடிகாலையில் எண்ணெய் தேய்க்கும்போது ஒரு முறை உடைந்துவிட்டேன், நாத்தனார் என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு தானே பிள்ளைகளுக்குத் தேய்த்துவிட்டாள். தலைதீபாவளிப் பெண் தன் தலையில் எண்ணெயோடு என் பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை, மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு அம்மாவுக்கு என்ன உடம்பு என்று விசாரித்தார்.

பத்தரை மணிக்குக் கணவர் எங்களைக் கிளாம்பாக்கத்தில் ஏற்றிவிட்டார். வெற்றிலைக்கொடி அம்மா சொன்னது போலவே பஸ்ஸில் பாதி இருக்கை காலி. பண்டிகை இல்லாத வீட்டுக்கு நாம்தான் கொடுக்க வேண்டும் என்று மாமியார் ஒரு பெரிய தூக்கு நிறையப் பலகாரம் கொடுத்தனுப்பினார். அப்பாவிடம் வருகிறோம் என்று முன்பே சொல்லவில்லை, சொன்னால் வேண்டாம் என்பார். வாசலில் எங்களைப் பார்த்துவிட்டு "பஸ்ஸில் கூட்டமா?" என்று மட்டும்தான் கேட்டார். ராத்திரி ஏழு மணிக்குத் தெருவில் வெடிக்க ஆரம்பித்தபோது எதிர்வீட்டுப் பிள்ளைகள் பையனைக் கூப்பிட்டார்கள், அவன் தாத்தாவைப் பார்த்தான், அப்பா "போய்விட்டு வா, கையைச் சுட்டுக்கொள்ளாதே" என்றார்.

அப்பா ஆறு கிலோ குறைந்திருக்கிறார். இரவுப்பணி அக்கா சொன்னது அப்படியே, மாத்திரை டப்பாவில் காலை மாத்திரையும் இரவு மாத்திரையும் கலந்து கிடந்தது. புதன்கிழமை மருத்துவமனைக்கு ரத்த அழுத்தம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன். அவர்கள் கொஞ்சம் பேசிவிட்டு, மனநல மருத்துவர் வரும் நாளில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கூடப் போவதாகச் சொன்னார். சாகிற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. "வந்தது, ஆவணியில் வந்தது, இப்போது குறைந்திருக்கிறது" என்றார். கேட்காமலே இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. தினமும் ராத்திரி எட்டரைக்கு வீடியோ கால் என்று பையன் ஏற்பாடு செய்திருக்கிறான், தம்பியும் மஸ்கட்டிலிருந்து அதில் வருவான்.

செவ்வாய்க்கிழமை லேகியம் கிளறினோம். மருந்துதானே என்று நான் சொன்னதும் அப்பா ஒன்றும் பேசாமல் போய் நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அளவு யாருக்கும் தெரியவில்லை. அம்மா எதையும் எழுதி வைத்தவர் இல்லை, எல்லாம் கைக்கணக்கு. "ஓமம் ஒரு கை போடுவாள்" என்றார் அப்பா, அப்புறம் என் கையை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு "இந்த அளவுதான் இருக்கும்" என்றார். அவர் இடித்தார், பையன் சலித்தான், நான் கிளறினேன், மாம்பழ நிறச் சுங்குடிதான் கட்டியிருந்தேன். நெய் பிரிந்து வருவதற்குள் கை விட்டுப்போயிற்று. நெல்லிக்காய் அளவு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "வெல்லம் குறைச்சல்" என்றார். நானும் சாப்பிட்டுப் பார்த்தேன், குறைச்சல்தான், காரம் தொண்டையைப் பிடித்தது.

ஒரு பாட்டில் இங்கே கொண்டு வந்தேன். ஊருக்குக் கிளம்பின நாத்தனார் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.